காண்டாக் கம்பு வளைக்காத கால்

என் அன்புப் பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொல்லாமல், "பசியாறிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டேன். மத்தியானச் சோறு தின்று கை கழுவிய நேரத்தில் மகளைக் காலைப் பசியாறியாச்சா என்று கேட்ட மனுசன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று உன் அம்மா இன்னும் கேலி செய்கிறாள். செய்யட்டும். போனில் எனக்கு வாய் வராது என்பது உனக்கும் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும். எழுதினால் வரும். ஆகவே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ கேட்டது இதுதான்: "உங்க ரத்தத்துல இது இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, என்னைப் பெத்திருப்பீங்களாப்பா?" நீயும் மாப்பிள்ளையும் பிள்ளை பெறுவதைப் பற்றி யோசிக்கிறீர்கள் என்று அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பிறக்கிற பிள்ளைக்கு நம் கால் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று நீயே எனக்கு முன்பு விளக்கியிருக்கிறாய். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நீ கோலாலம்பூரில் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறாய் என்பது உன் குரலிலேயே தெரிந்தது. பெறு என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். அது உங்கள் இருவர் விஷயம். நீ கேட்டது என்னைப் பற்றி. அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஆனால் நேராகச் சொல்ல எனக்கு வராது. சுற்றித்தான் வருவேன்.

நம் இருவருக்கும் ஒரே கால். இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தேங்காயை வைத்தால் விழாமல் நிற்கும். உன்னுடையதை அறுவை செய்து நிமிர்த்தினார்கள். என்னுடையது அப்படியே இருக்கிறது. தாப்பாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, என் கால் ஏன் வளைந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் அப்பா அம்மாவோடு மலைக்காட்டில் ரப்பர்ப் பால் தூக்கினேன். தோளில் காண்டாக் கம்பு, அதன் இரண்டு முனையிலும் பால் வாளி. தோட்டத்தில் கால் வளைந்தவனைக் கண்டால், சின்னதிலேயே காண்டா தூக்கியவன் என்று எல்லாரும் அவர்களாகவே முடிவு கட்டிவிடுவார்கள். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கிடையாது.

நானும் அதை நன்றாக விற்றுக்கொண்டேன் என்று வைத்துக்கொள். தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து ஜெலாப்பாங் தொழிற்சாலையில் சேர்ந்த பிறகு, கேண்டீனில் யாராவது என் நடையைப் பார்த்துச் சிரித்தால் போதும், உடனே எழுந்துவிடுவேன். "இந்த நாட்டு ரப்பரெல்லாம் எங்கால் மேல ஏறித்தான்டா கப்பலுக்குப் போச்சு!" என்பேன். கல்யாண வீட்டில் சொல்வேன், கருமாதி வீட்டில் சொல்வேன். நான் கூலிக்காரன் மகன். சொத்து என்று எதுவும் இல்லை. அந்தக் கதை இருந்தது. உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் அதைத்தான் சொன்னேன். உன் தாத்தா என் காலைப் பார்த்து, "உழைச்ச காலு" என்றார். பெண் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் நீ வந்தாய். மற்றப் பிள்ளைகள் ஓடுகிற வயதில் நீ எழுந்து நிற்கவே யோசித்தாய். நின்றாலும் இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடந்தாய். அப்போது நாம் லகாட்டில் வாடகைக்கு இருந்தோம். நடக்கப் பிந்தும் பிள்ளையை இடுப்பு வரை மணலில் புதைத்து நிற்க வைத்தால் கால் உரம் பிடிக்கும் என்பது நம் சனங்களிடம் ஊரிலிருந்து கப்பலேறி வந்த வைத்தியம். ஆற்று மணல்தான் விசேஷம் என்பார்கள். லகாட்டில் ஆற்று மணலுக்கு எங்கே போக? ஆனால் ஈயம் தோண்டி விட்ட பழைய லம்பத்து மணல் வெள்ளை வெளேரென்று ஏக்கர் கணக்கில் கிடந்தது. வேலை முடிந்ததும் உன்னை மோட்டாரில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போவேன். குழி தோண்டி, உன்னை இறக்கி, மணலை அணைப்பேன். நீ அழுவாய். "அழக்கூடாது பாப்பா, நிமிர்ந்து நில்லு, கால் ஸ்ட்ரோங்கா வரும்லா" என்று கச்சான் கடலையை உரித்து உன் வாயில் போட்டுக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருப்பேன். நீ அழுதது பிடிவாதம் என்று நினைத்தேன். அது எலும்பு வலி என்று எனக்குத் தெரியாது. நீ கொஞ்ச நேரத்தில் அழுகையை நிறுத்திவிட்டு, கைக்கு எட்டிய மணலை எடுத்து என் மேல் வீசுவாய். அந்த வீச்சிலேயே நீ யார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உன் அம்மா வாராவாரம் ஆட்டுக்கால் சூப் வைத்தாள். பாசாரில் ஆட்டிறைச்சி வெட்டுகிறவரே, "என்னக்கா, வீட்டுல யாருக்குக் கால் ஒடஞ்சிருச்சு?" என்று கேட்டாராம். சூப்பும் மணலும் வெயிலும் எதுவும் ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ரத்தமும் மூத்திரமும் எடுத்துப் பார்த்த ஒரு மலாய்க்கார டாக்டரம்மா, உன் உடம்பில் பாஸ்பேட் என்ற சத்து தங்காமல் மூத்திரத்தில் போகிறது என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது கால் வளைந்திருக்கிறதா என்றும் கேட்டார். நான் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறேன், முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு. இல்லை என்று தலையாட்டினேன். பொய் சொல்லவில்லை பாப்பா. என் கால் அந்தக் கணக்கில் சேராது என்று நான் சத்தியமாக நம்பினேன். உன் கால் நோயால் வளைந்தது, என் கால் வேலையால் வளைந்தது, இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? பக்கத்தில் நின்ற உன் அம்மாவுக்கும் அது தோன்றவில்லை. தோட்டத்துச் சனங்கள் யாரை நிறுத்திக் கேட்டிருந்தாலும் தோன்றியிருக்காது.

அந்தப் பாஸ்பேட் தண்ணீரை நீ குடித்ததை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு நிமிரும். உப்பும் கசப்புமாக ஒரு கண்றாவி. நான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு வாசலில் போய்த் துப்பினேன். நீ காலையில், பள்ளியில், மாலையில், படுக்கும் முன் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, போத்தலைக் கவிழ்த்து எனக்குக் காட்டுவாய். வகுப்பில் ஒருவன் உன்னை வாத்து என்று கூப்பிட்டான். "வாத்து நீந்தும்டா. ஒனக்கு நீந்தத் தெரியுமா?" என்று நீ கேட்டதாக உன் வாத்தியார் வந்து சொன்னார். கண்டிப்பதற்காகத்தான் வந்தார், சொல்லும்போதே சிரித்துவிட்டார். கால் அறுவை முடிந்து கட்டுப் போட்டுக் கிடந்தபோதும், "என் எலும்பை எப்படி வெட்டுனாங்க, படம் இருக்கா?" என்று தாதியைக் கேட்டவள் நீ. நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். நீ அழவில்லை.

இனி நீ என் கதையைப் பிடுங்கிக்கொண்ட நாளுக்கு வருகிறேன். பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்தாய். நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். நீ மங்குத் தட்டோடு எதிரில் உட்கார்ந்து, சாப்பிடாமல் என் காலையே பார்த்தாய்.

"அப்பா, சித்தப்பாவும் காண்டா தூக்குனாருதானே?"

"என்னைவிட அவந்தான் அதிகமா தூக்குனான். நான் டவுனுக்கு வந்துட்டேன். அவன் தோட்டத்தை விக்கிற வரைக்கும் தூக்குனான்."

"அவரு காலு எப்படி இருக்கு?"

நான் நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். என் தம்பியின் கால் கம்பம் போல நேராக இருக்கும். அவன் காலை ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் என் காலோடு சேர்த்துப் பார்த்ததில்லை. "உங்களுக்குப் பல்லு ஏன்பா முப்பது வயசிலேயே ஒன்னொன்னா சீழ் கட்டிப் போச்சு? எனக்கும் அப்படித்தானே போவுது?" என்று அடுத்த கேள்வி வந்தது. நீ சத்தம் போடவில்லை, ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் எனக்கு ஒவ்வொரு வாளி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒளிப்பானேன், எனக்குக் கோபம் வந்தது. "படிச்சிட்டா பெரிய இவளாயிட்டியா? நான் தூக்குன காண்டா பொய்யா?" என்று கத்தினேன். நீ எழுந்து வந்து என் தோளைத் தொட்டாய். அந்தத் தோளில் கம்பு உட்கார்ந்த இடம் இன்னும் தழும்பேறிக் கிடக்கும், தெரியுமல்லவா. "காண்டா பொய் இல்லப்பா. அது இங்க இருக்கு. காலுக்குக் காரணம் வேற" என்றாய். அப்போதும் நான் இறங்கவில்லை. அன்று இரவு உன் அம்மாதான் என்னிடம் பேசி இறக்கினாள். "வளைஞ்ச காலோட அந்தக் காண்டாவைத் தூக்கியிருக்கீங்க. அது பெருசா, நேர்க்காலோட தூக்குறது பெருசா?" என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் நீ எனக்குப் பாடம் நடத்தினாய். நான் பள்ளிக்கூடத்தில் கேட்ட பாடமெல்லாம் மறந்துவிட்டது, அது மறக்கவில்லை. வளரும் பிள்ளையின் எலும்பு முனையில் குருத்தெலும்பு இருக்கிறது. அதில் உயிரணுக்கள், விடியற்காலையில் பெயர் கூப்பிடத் தோட்டத்துச் சனங்கள் பிரட்டில் நிற்பது போல, வரிசை வரிசையாக நிற்கின்றன என்றாய். பின்னால் நிற்பவை சின்னப் பிள்ளைகள். பெருகுவதுதான் அவற்றின் வேலை. முன்னுக்கு வர வர முதிர்ந்து, உப்பி, கடைசியில் செத்து இடம் விடும். அந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிந்து எலும்பாகும். யார் எப்போது முதிர்வது என்பதைப் புரதங்கள் பார்த்துக்கொள்கின்றன. ஒரு புரதம் 'நீ இன்னும் சின்னப் பிள்ளை, பொறு' என்று பிடித்து வைக்கும். இன்னொன்று 'போதும், முன்னால போ' என்று தள்ளும். இரண்டும் ஒன்றுக்கொன்று கணக்கு வைத்துக்கொண்டு நடப்பதால்தான் பிள்ளை ஒழுங்காக உயர்கிறது என்றாய்.

நம் வீட்டுக் கோளாறு எங்கே என்று கேட்டேன். எலும்பே சுரக்கிற ஒரு புரதம் இருக்கிறதாம், பெயரின் கடைசியில் இருபத்து மூன்று என்று வரும். பாஸ்பேட்டை வெளியே விடும்படி சிறுநீரகத்துக்கு அது சொல்லும். அதை அளவோடு வைத்திருக்க உதவும் வேறொரு புரதம் நம் இருவருக்கும் பிறவியிலேயே பழுது. ஆகவே இருபத்து மூன்று தலைகால் தெரியாமல் பெருகி, பாஸ்பேட்டையெல்லாம் வெளியே தள்ளிவிடுகிறது. பாஸ்பேட் இல்லாவிட்டால் முன்வரிசை உயிரணுக்கள் செத்து இடம் விடாது, கூட்டமாக நின்றுகொண்டே இருக்கும். சுண்ணாம்பும் படியாது. எலும்பு மெத்தென்று இருக்கும். பிள்ளை எழுந்து நின்றால் உடம்புப் பாரத்துக்கு வளையும். "ஸ்டோர்ல பாலை ஊத்திட்டு ஆசிட் போடாம விட்டா கட்டியாகாம கெடக்குமே, அப்படியா?" என்று கேட்டேன். "கிட்டத்தட்டப்பா. முழுசா சரியில்ல" என்றாய். உன் அம்மா சமையலறையிலிருந்து, "இருபத்து மூனா? முன்னால ரெண்டு நம்பர் சேத்து நாலு நம்பர் லாட்டரி எடுத்துப் பாக்கலாமா?" என்று கேட்டாள். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அப்புறம் நீ சொன்னதுதான் எனக்கு வேடிக்கை. உறைய வேண்டிய இடத்தில் உறையாத அதே சுண்ணாம்பு, வயதானதும் உறையக் கூடாத இடத்தில் போய் உறைகிறது. குதிகாலில், முதுகில், தசைநார் எலும்போடு ஒட்டும் இடத்தில். நான் காலையில் கட்டிலை விட்டு எழ முனகுவது அதனால்தான் என்றாய். அதுவரை அதையும் காண்டா கணக்கிலேயே எழுதி வைத்திருந்தேன்.

நீ எலும்பு ஆராய்ச்சியில் சேர்ந்த பிறகு ஒரு முறை உன் ஆய்வுக்கூடத்துக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனாய். நுண்ணோக்கியில் என் கண்ணை வைக்கச் சொன்னாய். வளரும் எலி ஒன்றின் எலும்பு முனை. சுண்ணாம்பு படிந்த இடம் கறுப்பாகத் தெரியும் என்றாய். முதல் கண்ணாடியில் வரிசை நேராக இருந்தது, அதன் கீழே கறுப்பு ஒரே கோடாக ஓடியது. அடுத்த கண்ணாடியில், நம் கோளாறு உள்ள எலியில், வரிசையே கலைந்து, கறுப்பு துண்டு துண்டாகக் கிடந்தது. "இதுதான் நம்ம காலுப்பா" என்றாய். உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். நீ கூசவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை. என் காலைப் பற்றி நான் கேண்டீனில் எவ்வளவு கத்தினேன்! ஆனால் ஒரு நாளும் அதைக் கண் வைத்துப் பார்த்ததில்லை. நீ பார்த்தாய். வெட்டி, சாயம் போட்டு, கண்ணாடியில் வைத்து, பயப்படாமல் பார்த்தாய். அன்றைக்கு வந்த பெருமையை நான் உன்னிடம் சொல்லவில்லை. வீடு வரும் வரை பஸ்ஸில் உன் அம்மாவிடம்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் அவள் தூங்கிவிட்டாள். நான் நிறுத்தவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றும் அப்படித்தான். பலகாரத் தட்டை வைத்த கையோடு, "என் காலு ஆப்பரேஷன் பண்ணுன காலு. இது பரம்பரையா வர்றது. பிள்ளைக்கும் வரலாம்" என்று நீயே சொல்லிவிட்டாய். உன் அம்மா உன் இடுப்பைக் கிள்ளியதை எல்லாரும் பார்த்தார்கள்.  மாப்பிள்ளைதான் வாயைத் திறந்தார். "படி ஏறுவீங்களா? எங்க பிளாட் மூனாவது மாடி. லிப்ட் அடிக்கடி ரோசாக் ஆயிரும்" என்றார். ரொம்ப யோசித்துக் கேட்ட கேள்வி அது. அந்த நிமிடமே எனக்கு அந்தப் பையனைப் பிடித்துவிட்டது. ஆகவே உனக்கு நான் தரும் புத்தி ஒன்றே ஒன்று: இந்தப் பயத்தை நீ தனியாக வைத்துக்கொண்டு உட்காராதே. லிப்ட் கெட்டுப்போவதை முன்கூட்டியே யோசிக்கிற மனுசன் பக்கத்தில் இருக்கிறார். அவரோடு சேர்ந்து யோசி. உன் சொந்த மருந்தை வேளைக்குப் போடு, பல் டாக்டரைத் தள்ளிப்போடாதே. ஊருக்கெல்லாம் ஆராய்ச்சி செய்துவிட்டு உன் பல்லை விட்டுவிட்டால் எனக்குக் கோபம் வரும்.

நீ போன் செய்த பிறகு, பல மாதமாக நீ கெஞ்சியும் நான் தள்ளிப்போட்ட வேலையை முடித்துவிட்டேன். ஈப்போவுக்குப் போய் ரத்தம் கொடுத்தேன், கால் எக்ஸ்ரே எடுத்தேன். படம் எடுத்தது நம் தமிழ்ப் பிள்ளைதான், சின்னப் பெண். கால் சட்டையைச் சுருட்டிவிட்டு மேசையில் படுத்தேன். பார்த்துவிட்டு, "அங்கிள், கால் என்ன ஆச்சு? சின்னதுல ஆக்சிடனா?" என்றாள். வாய் தானாகத் திறந்துகொண்டது. "அது வந்தும்மா, தோட்டத்துல காண்டா..." என்று ஆரம்பித்துவிட்டேன். இத்தனை வருசப் பழக்கம், சும்மா போகுமா? ஆனால் நிறுத்திக்கொண்டேன். "இல்லம்மா. எம் மகளுக்கும் இதே காலுதான். அவ சயிண்டிஸ்ட்டு. இந்தக் காலைத்தான் ஆராய்ச்சி பண்றா" என்றேன். பிறகு வரிசையாக நிற்கிற உயிரணு, இருபத்து மூன்று, மூத்திரத்தில் போகிற பாஸ்பேட் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே காத்திருந்த ஆள் கதவைத் தட்டும் வரை சொன்னேன். காண்டாக் கதையைச் சொல்லும்போதுகூட எனக்கு இவ்வளவு நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

வரும் வழியில் பஸ் லகாட் பக்கமாகப் போனது. அந்த மணல்காடு இப்போது இல்லை, வீடுகள் வந்துவிட்டன. நீ நின்ற இடத்தில் யாரோ ஒரு கெரேத்தாவை, காரைத்தான், நிறுத்தியிருந்தார்கள். இந்தக் காலத்தில் பிள்ளைக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டால் உடனே மருந்து தொடங்கலாம், அந்தப் புரதத்தையே பிடித்து நிறுத்தும் ஊசிகூட வந்திருக்கிறது, எல்லாருக்கும் எளிதில் கிடைக்காது என்றாலும் இருக்கிறது என்று நீ சொன்னதை நினைத்துக்கொண்டேன். உன் பிள்ளைக்கு இது வந்தாலும், அதைப் பார்த்த உடனே புரிந்துகொள்கிற ஒரு தாய் அதற்கு இருப்பாள். உனக்கு இருந்தது மண்வெட்டி வைத்திருந்த ஒரு அப்பன்தான்.

இனி உன் கேள்வி. தெரிந்திருந்தால் உன்னைப் பெற்றிருப்பேனா என்று கேட்டாய். தெரிந்திருந்தால், அந்த வெள்ளை மணலில் உன்னை நிற்க வைத்திருக்க மாட்டேன் பாப்பா. வலிக்கிறதென்று நீ அழுதபோதெல்லாம் தூக்கி வைத்துக்கொண்டிருந்திருப்பேன். அவ்வளவுதான் மாறியிருக்கும்.

உன் அப்பா